முன் சீற்றில் இருந்தவர்

இதைப் பொய் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். 2007ஆம் ஆண்டு மாரி தொடங்கிய நாள்களில், கண்டி வீதியில், என் கண் முன்னால் நடந்தது இது. என்னோடு அந்த வண்டிக்குள் இருந்தவர்களில் ஒருவர் இன்றும் பாலையூற்றில் இருக்கிறார். அவரிடம் கேட்டால் கதையை மாற்றிவிடுவார்.

நான் பேய்க் கதைகள் நிறைய வாசிக்கிறவள். பனி கொட்டும் நாடுகளிலிருந்து மொழிபெயர்ந்து வந்தவை. அவற்றில் பேய் வருவதற்கு ஒரு பழைய வீடு வேண்டும், இருட்டிய மாடிப்படி வேண்டும், எப்போதோ செத்துப்போன ஒருவர் வேண்டும். எங்கள் ஜீப்புக்கு அப்போது ஏழு மாதம்தான். சீற்றுகளுக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்ரிக் உறையைக்கூட மாமா கழற்றவில்லை. அதற்குள் யாரும் செத்ததில்லை. மாமாவைத் தவிர யாரும் அதை ஓட்டியதும் இல்லை.

அதனால்தான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் தாய்மாமன் யோகலிங்கம் தம்பலகாமத்து வயலில் பாதியை விற்றுத்தான் அந்த ஜீப்பை வாங்கினார். வாங்கிய இரண்டாம் மாதமே தொல்லை. ஏற்றத்தில் இழுக்காது. மஞ்சள் லைற் ஒன்று எரியும். பிறகு எஞ்சின் தானாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால், ஒன்றும் நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆகும். எங்களுக்கு மட்டுமில்லை. ஊரில் அதே வகை ஜீப்பை வாங்கிய ஒரு டொக்டருக்கும், கிண்ணியாவில் ஒரு நெல் வியாபாரிக்கும் இதே முறைப்பாடு. மூவரும் மாறி மாறிக் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார்கள். கொம்பனியிலிருந்து வந்த பதில் ஒன்றுதான்: "கம்பியூட்டரில் பிழை ஒன்றும் காட்டவில்லை."

"எனக்குக் காட்டுது. அந்தக் கம்பியூட்டரை இஞ்ச அனுப்பு, நான் வயலுக்குள்ள நிப்பாட்டிக் காட்டுறன்" என்பார் மாமா. ரெலிபோனை வைத்த பிறகுதான் சொல்வார்.

அந்த ஜீப்பில் இன்னொரு புதுமையும் இருந்தது. முன் சீற்றில் ஆள் ஏறி இருந்து பெல்ற் போடாவிட்டால் மணி அடிக்கும். டிங்… டிங்… டிங்… திருகோணமலையில் அப்போது யார் பெல்ற் போட்டார்கள்? வெடிச்சத்தம் கேட்டால் குதித்து இறங்கி நிலத்தில் படுக்க வேண்டும். பெல்ற்றோடு மல்லுக்கட்ட நேரம் கிடையாது. அதனால் முன்னால் யாராவது ஏறினால், மாமா தன்னுடையதைப் போலவே அந்த பெல்ற்றையும் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் கொழுவிவிடுவார். மணி வாயை மூடிவிடும்.

அன்று குணேஸ்வரி மாமியைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். பித்தப்பையில் சத்திரசிகிச்சை. தையல் இன்னும் காயவில்லை. பின் சீற்றில், என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். நான் மாமாவுக்கு நேர் பின்னால் இருந்தேன். முன்னால் மாமாவுக்குப் பக்கத்து சீற்றில் ஆள் இல்லை. ஆஸ்பத்திரிப் பை மட்டும்.

தம்பலகாமத்துப் பக்கச் சோதனைச் சாவடியை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பிந்தினால் விடியும்வரை வீதியில்தான். ஒரு பக்கம் யானைக் காடு. மறுபக்கமும் காடு, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தையலோடு ஒரு மனுசியை வைத்துக்கொண்டு அங்கே இரவு தங்க ஏலாது.

ஹபரணையில் ஒருதரம் நின்றது. கந்தளாய்க்கு முன்னால் இன்னொருதரம். கந்தளாயைக் கடக்கும்போது மழை பிடித்தது. மாமா விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பியவர். வெள்ளைச் சேர்ட் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கும் கண் சொருகியது.

பெரிய மருதமரம் நிற்கும் ஒரு வளைவு. அங்கே மஞ்சள் லைற் எரிந்தது.

எஞ்சின் நின்றது.

மணி 5.25.

"சரி… இனி இவவின்ர கோவம் ஆறுமட்டும் காத்திருக்க வேண்டியதுதான்" என்றார் மாமா. திறப்பைக் கழற்றாமலே இறங்கிப்போய் பொனற்றைத் திறந்தார். பொனற் மறைத்ததில் ஆள் தெரியவில்லை. மழை கூரையில் விழும் சத்தம் மட்டும். மாமி மருந்து மயக்கத்தில் கிடந்தார்.

டிங்…

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

டிங்… டிங்… டிங்…

முன் சீற்றுக்கான மணி. பையின் பாரமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பை கண்டியிலிருந்து அங்கேதான் இருக்கிறது, ஒருதரமும் அடிக்கவில்லை. எட்டிப் பையைத் தூக்கி என் காலடியில் வைத்தேன்.

மணி நிற்கவில்லை.

மாமா நனைந்துகொண்டு ஏறினார். "என்னவாம்?"

"தெரியேல்லை மாமா. பையையும் எடுத்திட்டன்."

"எஞ்சின் பழுது காணாதெண்டு இப்ப மணியும் பழுது. கொம்பனிக்காரன் சேர்த்துத் தந்திருக்கிறான்." கையை நீட்டி, வெறும் சீற்றுக்குக் குறுக்காக பெல்ற்றை இழுத்துக் கொழுவினார். 'டிக்.'

மணி நின்றது.

திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

ஆனால் ஜீப் இழுக்கவில்லை. ஏற்றமே இல்லாத வீதி அது. மாமா இரண்டாம் கியருக்கு மாற்றினார். "நெல்லு மூட்டை ஏத்தின மாதிரி…" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்…

பிளாஸ்ரிக் உறைச் சத்தம். யாராவது ஏறி இருந்து, முதுகைச் சாய்க்கும்போது வருமே, அதே சத்தம்.

சரக்… சரக்…

நான் முன் சீற்றைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். வெளியே பார்த்தேன். காடு இருட்டிக்கொண்டு வந்தது. மாமி கண்ணைத் திறந்தார்.

"பிள்ளை… வண்டியை ஆர் ஓட்டுறது?"

"மாமாதான்."

"இல்லை…" மாமியின் கை மெல்ல உயர்ந்து, இடப்பக்கத்து முன் சீற்றைக் காட்டியது. "அவர் உதில நித்திரை கொள்ளுறார்…"

"மருந்து மயக்கம், குணம். பேசாமக் கிட" என்றார் மாமா, வலப்பக்கத்திலிருந்து.

மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மூடவில்லை.

5.52. தூரத்தில் சோதனைச் சாவடியின் வீதியை மறித்த தகர எண்ணெய்ப் பரல்கள் தெரிந்தன. மாமா முன் லைற்றை அணைத்தார். உள் லைற்றைப் போட்டார். அதுதான் அந்தக் காலத்து ஒழுங்கு. வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கும் தெரிந்தது.

வெறும் சீற்றில் கொழுவிய பெல்ற் தட்டையாகக் கிடக்க வேண்டும்.

இது கிடக்கவில்லை.

முன்னுக்குத் தள்ளி நின்றது. வளைந்து… ஒரு மனிதனின் நெஞ்சு அளவுக்கு. உள்ளே ஒன்றுமில்லை.

மெல்ல… ஏறி… இறங்கியது.

மாமா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அல்லது பார்க்காமல் இருந்தார். அது எனக்கு இன்றும் தெரியாது.

மழைக்கோட்டுப் போட்ட ஆமிக்காரர் ஒருவர் வந்தார். கண்ணிமைக்கு மேல் தழும்பு. கொச்சைத் தமிழ்.

"எங்க போறது?"

"வீட்டை. பாலையூற்று. பின்னால நோயாளி. ஒப்பரேசன்."

டோர்ச் வெளிச்சம் மாமியின் மேல் விழுந்தது. என் மேல் விழுந்தது. "சரி, இறங்க வேணாம்." பிறகு வெளிச்சம் முன் சீற்றுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

"இவர் நித்திரையா?"

வெளிச்சம் மாமாவின் முகத்துக்கு வந்தது. திரும்பவும் முன் சீற்றுக்கு. திரும்பவும் மாமாவுக்கு.

"ரெண்டு பேரும் ஒரே முகம்." ஆமிக்காரர் சிரித்தார். "அண்ணன் தம்பியா?"

அந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. சோதனைச் சாவடியில் என்ன கேட்டாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், 'ஓம்' என்று சொல்லிவிட்டுப் போவது. 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்வி வந்தால் ஆறு மணியாகிவிடும். மாமாவின் கண்கள் சிவந்திருந்தன.

"ஓம்" என்றார்.

"ஹரி… சரி. போங்க."

பரல்களைத் தாண்டியதும், பக்கத்து சீற்றிலிருந்து நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

நிம்மதியான மூச்சு.

அதன்பிறகு ஜீப் பஞ்சுபோல ஓடியது. வீட்டு வாசலில் பார்த்தபோது பெல்ற் தட்டையாகக் கிடந்தது.

"மாமா, அந்த ஆமிக்காரன் ஆரை நித்திரையோ எண்டு கேட்டவன்?"

"பையைக் கண்டிருப்பான்."

"பை என்ர காலடியில மாமா."

"எனக்கு ஏலாது பிள்ளை. நித்திரை கொள்ள விடு" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கும் லாபிரிடம் ஜீப்பைக் கொண்டுபோனோம். லாபிர் சீற்றுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். கையால் அமத்தினார், டிங். எடுத்தார், நின்றது. திரும்பத் திரும்ப.

"இதில பழுதே இல்லியே. பாரம் இருந்தாத்தான் அடிக்கும்."

"அப்ப, இல்லாமலும் அடிச்சுதே" என்றேன்.

"பாரம் இல்லாம அடிக்காது தங்கச்சி" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆரையாவது ஏத்தியிருப்பியள்."

மாமா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் ஜீப்பை ஓட்டவும் இல்லை. களைப்பு என்றார். சாப்பிட்டாலும் களைப்பு, படுத்து எழும்பினாலும் களைப்பு. டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் பிழை ஒன்றும் காட்டவில்லை என்றார். "கொம்பனிக்காரன் சொன்ன மாதிரியே சொல்லுறான்" என்று மாமா சொன்னபோதுதான், அந்த மாதத்தில் நாங்கள் முதல்தரம் சிரித்தோம்.

தை மாதம் கொம்பனி இறங்கி வந்தது. மூன்று பேரின் ஜீப்புகளையும் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எஞ்சின் பிழை என்று கண்டால் வேறு வண்டி தருவார்களாம். வயல் வீண்போகவில்லை என்று மாமாவுக்கு முகம் கொஞ்சம் வெளிச்சம் கண்டது. கிண்ணியாவிலிருந்து அப்துல் மஜீத் நானாவை ஓட்டுவதற்குப் பிடித்தார். மாமி எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தார். கடைக்குப் போய், மாமாவுக்குப் புதிதாக ஒரு நீலச் சேர்ட் வாங்கிவந்தார்.

"நல்லா உடுத்துக்கொண்டு போனாத்தான் கொழும்பான் மதிப்பான்."

"அவன் சேர்ட்டை மதிக்கிறானோ, எஞ்சினை மதிக்கிறானோ?" என்றார் மாமா. ஆனால் போட்டுக்கொண்டார்.

காலை வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பட்டார்கள். மாமா முன் சீற்றில் இருந்தார். கொழும்பில் பொலிஸ் பிடிக்கும் என்று, வாழ்க்கையில் முதல்தரம் பெல்ற்றை நெஞ்சுக்குக் குறுக்காகப் போட்டார். நான் கேற்றைத் திறந்துவிட்டேன். கை காட்டினார்.

மத்தியானத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது.

மஜீத் நானா ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தி இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"மருதமரத்து வளைவில எஞ்சின் நிண்டுட்டு தங்கச்சி. நான் இறங்கிப் பொனற்றைத் திறந்து பாத்துட்டு வந்து ஏறுறன்… மாமா நித்திரை. கூப்பிட்டன். தோளைத் தட்டினன்…" தன் கையையே திருப்பிப் பார்த்தார். "அப்பிடியே வண்டியைத் திருப்பிட்டன். ஸ்ரார்ட் உடனே பிடிச்சிட்டு. அதுதான் அதிசயம்."

"செக்பொயின்ற்றில மறிக்கேல்லையா?"

"மறிச்சான். கண்ணுக்கு மேல தழும்புள்ள ஒருத்தன். முன்னால பாத்துட்டு 'இவர் நித்திரையா' எண்டு கேட்டான். மௌத்து, ஆள் செத்துட்டார் எண்டு சொன்னா விசாரணை, அது இது எண்டு மறிச்சு வெச்சுக்குவானே. இன்னும் உசிர் இருக்குமோ எண்டு எனக்கொரு எண்ணம். ஓம் எண்டுட்டன்."

மஜீத் நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் சிரிச்சான் தங்கச்சி. 'இந்த மாத்தயா ஐயாவுக்கு எப்பவும் நித்திரைதான். அண்டைக்கு மழைக்குள்ள, தம்பிக்காரர் ஓட்டிக்கொண்டு வரேக்குள்ளயும் இதே சீற்தான், இதே பெல்ற்தான்' எண்டான்…"

மஜீத் நானா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"'இதே நீலச் சேர்ட்தான்' எண்டும் சொன்னான்."