மேட்டில் கேட்ட அழுகை

கிள்ளை அருகே, வெள்ளையர் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எங்கள் முன்னோர்களை ஒன்றாகப் புதைத்த மேடு இருக்கிறது. அதைப் பாதுகாப்பது பற்றிப் பேச, வாரிசுகள் அங்கே கூடினோம். சுற்றுச்சுவர், பூட்டு, ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை மூன்றும் வேண்டும் என்று வரைபடத்தை விரித்தேன்.

திட்டக்குடியிலிருந்து வந்திருந்த செல்வி, தன் கைக்குழந்தையை மேட்டில் கிடத்தினாள். பிறந்த பிள்ளையை முதலில் அங்கே காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். அவன் வீறிட்டு அழுதான்.

“பூட்டிட்டா, இவனுக்கு அடுத்துப் பொறக்குற தம்பிய எங்க காட்டுறது மாமா?” என்றாள்.

“அமைதியா இருக்க, உள்ள இருக்கிறவுங்க பரீட்சையா எழுதுறாங்க?” என்றார் என் கடலூர் மச்சான்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். வரைபடத்தில் சுவரையும் பலகையில் இருந்த எழுத்தையும் அழித்து, குழந்தையைக் கிடத்த ஒரு கல்மேடை வரைந்தேன். பலகை மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அந்த அழுகையைவிட நல்ல வாசகம் எனக்குக் கிடைக்கவில்லை.