அரைப் பக்க அபிப்பிராயம்

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் நடந்தது இது. நான் அப்போது பி.எட். மாணவி. நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் கல்லூரியிலிருந்து ஏழு பேரை அங்கே அனுப்பியிருந்தார்கள். பாடக்குறிப்பேட்டுக்குப் பழுப்பு அட்டை, சிவப்பு மையில் ஓரக்கோடு, எந்தக் கட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு, எல்லாவற்றிலும் நான்தான் முதல். அதை யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

பார்வையில்லாத, காது கேளாத குழந்தைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்தும் வாங்கியிருந்தேன். ஆனால் இந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் பார்வையில்லாத ஒரு சிறுமி உண்மையாகவே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் எங்கள் கூட்டம் ஆடிப்போனது. ஒருத்தி பாவம் என்றாள். ஒருத்திக்குப் பயம். இன்னொருத்தி, "போர்ஷன் முடியலீன்னா எனக்கு மார்க்க அந்தப் புள்ளையா குடுக்கும்?" என்றாள். நானோ, நல்ல திட்டம்தான், பக்கத்து வகுப்பில் நடந்தால் இன்னும் நல்ல திட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது என் வகுப்பிலேயே நடந்தது. எனக்கு அறிவியல். அதே வகுப்புக்குப் புவியியல் எடுக்க வந்தவள் கோபிசெட்டிபாளையத்துக்காரி. மணி அடிக்கப் போகும் நேரத்தில்தான் பாடக்குறிப்பு எழுத உட்காருவாள். நான் இரண்டு மாலை செலவழித்து மலரின் பாகங்களை நான்கு வண்ணத்தில் வரைந்து மாட்டினேன். அவளோ பழைய அட்டை ஒன்றில் மில் நூலை ஒட்டி ஆறுகளாக்கி, புளியங்கொட்டைகளை ஊர்களாக்கி எடுத்து வந்தாள். சிறுமி அதை விரலால் தடவிக்கொண்டே போய், "இது பவானிங்களா டீச்சர்? இங்க வந்து காவேரில சேருதுங்க!" என்று கத்தினாள். உடனே வகுப்பே கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்கு உனக்கு என்று அந்த அட்டைக்குச் சண்டை போட்டது.

வராந்தாவில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். என் வகுப்பில் ஒரு நாளும் அப்படிச் சத்தம் வந்ததில்லை. அது என் கட்டுப்பாட்டின் பெருமை என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்று முதல் வயிறு எரிய ஆரம்பித்தது.

மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளரிடம், அவளுடைய குறிப்பேட்டில் மூன்று நாளாகச் சரிபார்த்த கையெழுத்தே இல்லை என்று போட்டுக்கொடுத்தேன்.

"அப்படீங்களா? கையெழுத்த நான் போட்டுக்கறேன். நீங்க போயி அந்தம்மணி கிளாஸ் ஒண்ணப் பாத்துட்டு வாங்க" என்றார் அவர்.

அந்தச் சிறுமியை ஓராண்டுச் சோதனையாகத்தான் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். இங்கேயே தொடர்வதா, வெளியூரில் விடுதியோடு உள்ள சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதா என்று நிர்வாகக் குழு முடிவு செய்ய வேண்டிய நேரம். தலைமையாசிரியை என்னை அழைத்தார்.

"ஏனுங்க டீச்சர், உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதுன்னு கோபி டீச்சர் சொன்னாங்க. அந்தப் புள்ளையப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுத்துப்போடுங்க. கமிட்டில வெக்கோணும்."

சிபாரிசு செய்தவளும் அவளேதான்! அந்த எரிச்சலோடு எழுதினேன். வகுப்பில் ஐம்பது பேர், பிரெய்ல் புத்தகம் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, ஆய்வகத்தில் அடுப்பு உண்டு. கண்ணால் கண்டறிய வேண்டிய அறிவியல் பாடங்களைக் குழந்தையால் பின்தொடர இயலவில்லை. சிறப்புப் பள்ளியே அதன் நலனுக்கு உகந்தது. முறைப்படி ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாத அரைப் பக்கம். சிறுமி போய்விட்டால் கோபிக்காரியின் அட்டைக்கும் வேலை இருக்காது, அவளுக்கும் பேர் இருக்காது என்பதை மட்டும் எழுதவில்லை.

அப்படிப்பட்ட தாளைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா தலைமையாசிரியையின் அறைக்கு வந்தார். எழுதிய நானே படித்துக் காட்டினேன்.

"ஆஸ்டலுங்களா? இவளுக்குத் தனியா தலை பின்னிக்கக்கூடத் தெரியாதுங்களே" என்றார் அம்மா மெல்ல. ஆனாலும் பேனாவை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டே பழகியவர்.

சிறுமி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எனக்குப் புரியுலீன்னு உங்களுக்கு எப்புடிங்க டீச்சர் தெரியும்? நீங்க என்னைய ஒரு கேள்விகூடக் கேட்டதில்லீங்களே."

கோபமே இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அம்மணி, டீச்சர்கிட்ட அப்புடிப் பேசக்கூடாது, கண்ணு" என்று அம்மா அவள் கையை அழுத்தினார்.

யாரிடம் என்ன கேள்வி கேட்டேன் என்று தினமும் வரிசை எண்ணோடு குறித்து வைப்பவள் நான். முப்பத்திரண்டு நாள் பக்கங்களும் மனத்தில் ஓடின. அவள் எண் ஒரு பக்கத்திலும் இல்லை. தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினேன்.

"மேடம், இந்தத் தாள் இன்னும் பதிவேட்டுல ஏறலீங்களே?"

"இல்லீங்க. ஏன்?"

"அப்பக் குடுங்க. நாளைக்கு வேற எழுதித் தர்றேன்."

அடுத்துச் செய்ததுதான் கஷ்டம். கோபிக்காரியிடமே போய், மலர்ப் பாடத்தை அந்தப் பெண்ணுக்கு எப்படி நடத்துவது என்று கேட்டேன்.

"பூவுக்கு எதுக்குங்க படம்? வேலியெல்லாம் செம்பருத்தி பூத்துக் கெடக்குது. பறிச்சுக் கையில குடுத்துப்போடுங்க" என்று சிரித்தாள். நான் படம் வரைந்த இரண்டு மாலைப் பொழுதுகளும் வீண்.

மறுநாள் எல்லோர் கையிலும் ஒரு பூ. சிறுமி மகரந்தத்தைத் தொட்டு, "மாவாட்டம் ஒட்டுதுங்க டீச்சர்" என்றாள். மூன்று கேள்விகள் கேட்டேன். இரண்டுக்குச் சரியாகச் சொன்னாள், ஒன்று தப்பு. தப்பையும் சேர்த்தே புதிய அரைப் பக்கத்தில் எழுதினேன். குழு அவளை அங்கேயே தொடர விட்டது.

நாங்கள் கிளம்பிய அன்று அவள் கோபிக்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வணக்கம் சொன்னாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான். முதலில் எழுதிய தாளைப் பற்றிக் கோபிக்காரியிடம் நான் இதுவரை சொன்னதில்லை. பிறகு தலைமையாசிரியையாகி ஓய்வு பெறும்வரை எத்தனையோ குழந்தைகளைப் பற்றி அபிப்பிராயம் எழுதினேன். ஒவ்வொரு முறையும், எழுதப் போவது நானா என் வயிற்றெரிச்சலா என்று ஒரு நிமிடம் நிதானித்துப் பார்த்த பிறகே பேனாவைத் திறந்திருக்கிறேன்.