சம்பந்தி வீட்டு மேடைக்கு அடியில்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் கம்பிவலை. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. போனை எடுத்தால் அவரே "கம்பிவலை பேசறேங்க" என்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார, தரையிலிருந்து அடி, ஒன்றரை அடி உயரத்தில் பலகை மேடை போடுகிறார்கள் இல்லையா, அதைப் போட்டுத் தரும் தச்சராகத்தான் இருந்தார். போட்ட மேடைக்கு அடியில் நரியும் பெருச்சாளியும் குடிவந்தன. திட்டு மட்டும் இவருக்கு வந்தது. கடைசியில் மேடை போடுவதை விட்டுவிட்டு, மேடைக்கு அடியில் எதுவும் புகாமல் கம்பிவலை அடித்து அடைக்கிற வேலைக்கு மாறிவிட்டார்.

மனுஷன் மற்ற விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். வேலையைப் பற்றி என்றால் நிறுத்த மாட்டார். மேடையைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, வலையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதைப்பார். தோண்ட வரும் பிராணி அந்த மடிப்பின் மேலேயே நின்று தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நான் பாட்டுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன்.

அடைப்பதற்கு முன்னால் அவர் ஒரு சோதனை வைப்பார். பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பொந்தின் வாயில் தளர்வாகச் சொருகிவிட்டு வந்துவிடுவார். உள்ளே ஏதாவது குடியிருந்தால் போக வரக் காகிதத்தைத் தள்ளித்தான் ஆகவேண்டும். சில நாள் கழித்தும் காகிதம் வைத்தபடியே இருந்தால்தான் அடைப்பார். அதுவரை காகிதத்தை யாரும் தொடக்கூடாது என்று அந்த வீட்டு ஆட்களிடம் கறாராகச் சொல்லிவிடுவார்.

ஊருக்கெல்லாம் சொல்கிறவர், எங்கள் சம்பந்தியம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் இதைத் தொடாதீர்கள் என்று உத்தரவு போட அவருக்கு நா எழவில்லை. சம்பந்தியம்மா மோசமானவர் இல்லை. சுத்தம் என்றால் உயிர், அவ்வளவுதான். அவர் வீட்டுத் தோட்டத்தில் இலைகூட அனுமதி கேட்டுத்தான் விழும் என்று என் மகள் சிரிப்பாள். அந்த வீட்டு மேடைக்கு அடியில் நரி புகுந்து, குப்பைப் பையைக் கிழித்து இறைத்தால் அவர் சும்மா இருப்பாரா? தினமும் போன் மேல் போன். இவர் போய்ப் பொந்தில் காகிதத்தைச் சொருகி, அடைக்க ஒரு நாளும் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்ன நாளில் நானும் கூடப் போனேன். காகிதம் அசையவில்லை. காதை வைத்துக் கேட்டார், சத்தமில்லை. மதியத்துக்குமேல் வலை முழுவதையும் அடித்து, மண்ணை மூடி மிதித்துவிட்டார். கை கழுவிவிட்டு நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தோம்.

சம்பந்தியம்மா பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டே, தான் செய்த உதவியைச் சொன்னார். தினமும் காலையில் எழுந்து பார்த்தால் அந்தக் காகிதம் வெளியே விழுந்து கிடக்கும், பார்க்கவே அசிங்கமாக இருக்கும், அதனால் தானே எடுத்துப் பழையபடி சொருகி வைத்தாராம்.

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, அடைக்க அடைக்கத் தள்ளிட்டுப் போய் வந்திருக்குன்னா உள்ள குட்டிங்க இருக்குங்க. தாய் மட்டும் வெளிய போய்ட்டு வந்துட்டு இருந்திருக்கு. நான் குட்டிங்கள உள்ள வச்சு அடைச்சிட்டேன்."

சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. நல்லது செய்யப்போய்ப் பழி வந்ததே என்று அவருக்கு. சத்தம் எதுவும் கேட்கவில்லையே, முடிந்த வேலையை எதற்குக் கலைக்கவேண்டும் என்றார். நான் இவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், பேசாமல் இருங்கள் என்று. என்ன செய்ய? குட்டிகள் பாவம்தான். ஆனால் நாங்கள் சாயங்காலம் கிளம்பிவிடுவோம், இந்த வீட்டில் இருக்கப்போகிறவள் என் மகள். வலையைக் கழற்ற எழுந்த இவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

என் மகள்தான் அசைந்தாள். போய் அப்பாவின் கருவிப் பெட்டியை எடுத்துவந்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. அப்பா கழட்டட்டும். இல்லன்னா அதுங்க செத்துடும்."

அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சம்பந்தியம்மா தடுக்கவில்லை.

அப்பாவும் மகளுமாக ஒரு பக்கத்து வலையைப் பிரித்தார்கள். பிரித்ததும் உள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டது. கைவிட்டு எடுத்துவிடலாமே என்றேன். கூடாது, மனித வாடை பட்டால் தாய் மிரளும், மிரண்டு ஓடினால் திரும்பி வராமலும் போகலாம் என்று இவர் எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டார். சமையலறை ஜன்னலில் நால்வரும் நின்றோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சம்பந்தியம்மா விளக்குப் போடப் போய், போடாமல் திரும்பிவந்து நின்றார்.

தாய் நரி வேலி ஓரமாக வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது, பாவம். நின்று நின்று பார்த்து, சட்டென்று உள்ளே நுழைந்தது. வெளியே வரும்போது வாயில் ஒரு குட்டி. வேலியைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி வந்தது. அடுத்ததையும் தூக்கிப் போனது. அதற்கடுத்ததையும்.

"தினமும் அது மூஞ்சிக்கு நேரா சொருகியிருக்கேனே," என்றார் சம்பந்தியம்மா.

"நான் சொல்லாம விட்டதுதாங்க தப்பு," என்றார் இவர்.

தாய் அதன்பிறகு வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர் டார்ச்சோடு போய் மேடை ஓரம் குப்புறப் படுத்தார். காலியான பொந்துக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"இன்னொரு தடவ பாருங்க சம்பந்தி. சின்னதா ஏதாவது விட்டுப் போயிருக்கும்," என்றார் சம்பந்தியம்மா.

இவர் மறுபடி படுத்தார். இவரே பார்க்கட்டும் என்று இருக்க முடியவில்லை போலிருக்கிறது, சம்பந்தியம்மா படியிறங்கி வந்து, அந்த ஈரமண்ணில் இவருக்குப் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்து, டார்ச்சைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.