முடிச்சு அவிழ்த்தவர்

தாம்பரத்தில் பீச் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறி, ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்தேன். எதிரில் நரைத்த பாப் முடியும் கனத்த கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு குனிந்து ஷூ லேஸையும் அவிழ்த்துவிட்டார்.

“என்ன ஆன்ட்டி, எல்லாத்தையும் அவுத்துட்டீங்க?”

“நேபாளத்துல மலைக்கிராம மருத்துவச்சிங்களோட வாலன்டியரா இருந்தேம்மா. ஒருத்திக்குப் பிரசவ நேரம் வந்துட்டா, அந்த வீட்ல ஒரு முடிச்சு விடாம அவுத்துடுவாங்க. அது எனக்கும் ஒட்டிக்கிச்சு.”

“எனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!”

அவர் சிரிக்கவில்லை. “விரல்ல மோதிரம் இருந்தா கழட்டு, பாப்போம்.”

இழுத்தேன். விரல் வீங்கியிருந்தது, மோதிரம் அசையவில்லை.

“தலைவலி?”

காலையிலிருந்தே இருந்தது. தலையாட்டினேன்.

“குரோம்பேட்டைல எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. ஆபீஸெல்லாம் வேணாம்.”

பிரஷர் பார்த்த டாக்டர் என்னை வீட்டுக்கு விடவில்லை. அன்று மாலை முதலில் மோதிரத்தை வெட்டினார்கள். பிறகு என் வயிற்றை. குழந்தையும் நானும் எப்படியோ பிழைத்தோம்.

வீங்கிய விரலைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்திருப்பார் என்கிறார்கள் வீட்டில். இருக்கலாம். ஆனால் அவர் முதல் முடிச்சை அவிழ்த்தபோது என் கைகள் இரண்டும் புர்காவுக்குள் இருந்தன.