படத்தில் வராத தூசி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சம்சாரம். மூத்தவள் நான், இளையவள் அந்தக் கேமரா. கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார். ஒருநாள் இருவரும் மழையில் மாட்டிக்கொண்டோம். மனிதர் சட்டையைக் கழற்றினார். பரவாயில்லையே என்று நான் தலையைக் குனிந்தால், அவர் அதைக் கேமராப் பைக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெரிய இடத்துக் கல்யாணங்களுக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் வைத்திருப்பதற்கு ஒரு படி கீழே, ஆசைக்கு வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கிறவர்களுடையதற்கு ஒரு படி மேலே என்று அதைப் பற்றிச் சொல்வார். நடுத்தர ரகம். நாங்களும் அதே ரகம்தான் என்பதால் எனக்கு அதில் குறையில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பக்கம் வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, உட்கார ஒரு முக்காலி. எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் நானும் கம்ப்யூட்டரும். அவர் எடுப்பார், நான் சரிசெய்து அச்சுப்போட்டு வெட்டிக் கொடுப்பேன். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்துக் குரூப் படம், எப்போதாவது ஒரு கல்யாணம்.

கேமராவின் முதுகில் இவ்வளவு பெரிய திரை இருக்கிறது. அதைப் பார்த்தே எடுக்கலாம். எடுக்க மாட்டார்.

"அதெல்லாம் வேடிக்கை பாக்கறவங்களுக்கு. வியூஃபைண்டர்ல கண்ண வச்சு எடுக்கறவன்தான் போட்டோகிராபர்" என்பார்.

இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே இருக்கும் அந்தச் சின்ன ஜன்னலில் வலது கண்ணை ஒட்டவைத்து நிற்பார். முகத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சுருங்கிப்போகும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வலது கண்ணால்தான் என்று அப்போது யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அதே கேமராவை வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குரூப் நடத்தினார்கள். அதில் இவரும் உண்டு. மாமியார்கள் கூடி மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல நாள் முழுக்க அந்தக் கேமராவைப் பற்றியே பேச்சு. ஒருவருக்குப் பிடியில் ஒட்டியிருந்த ரப்பர் உரிந்துவிட்டதாம், இன்னொருவருக்கு ஃபிளாஷ் எழும்பவில்லையாம். வெளியாள் யாராவது வந்து குறை சொன்னால் மட்டும் எல்லாரும் சேர்ந்து பாய்ந்து குதறிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பறவைகளை மட்டுமே படமெடுப்பவர். எங்கள் வீட்டில் அவருக்குக் குருவி சார் என்று பெயர். இவர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் குருவி சார் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நான் சொன்னால் மட்டும் ஆயிரம் குறுக்குக் கேள்வி.

முதலில் வந்தது ஒரு புள்ளி. வியூஃபைண்டரில் கண் வைத்தால் ஓரத்தில் மிளகுத்தூள் மாதிரி ஒன்று தெரிகிறது என்றார். ஊதினார், துடைத்தார், காற்றடிக்கும் ரப்பர் பந்தை வாங்கிவந்து பொழுதன்னைக்கும் புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தார். போகவில்லை. குரூப்பில் கேட்டார். குருவி சாரிடமிருந்து உடனே குரலாகவே பதில் வந்தது. இவர் அதை எனக்கும் போட்டுக் காட்டினார்.

"சார், அது படத்துல வருதா? வரலல்ல? அப்ப அது கணக்குலயே இல்ல. வியூஃபைண்டர் தூசி. இந்த மாடல்ல எல்லாருக்கும் இருக்கு. கண்டுக்காம விட்டுடுங்க."

கீழே வரிசையாக எல்லாரும் ஆமாம் போட்டிருந்தார்கள். எனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு என்று. ஒருவர்கூட, சார் எதற்கும் கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்கள்? அவர்களுடைய கேமராவில் இருந்தது நிஜமாகவே தூசிதான்.

படமும் சுத்தமாகத்தான் இருந்தது. நானே கம்ப்யூட்டரில் பெரிதுபண்ணிப் பார்த்தேன். முகம், புருவம், சட்டைப் பொத்தான் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஃபோகஸைக் கேமரா தானாகவே பார்த்துக்கொள்கிறதே! அவர் பார்வை எப்படி இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். அந்தச் சமர்த்துதான் எங்களைக் கவிழ்த்தது.

அடுத்தது அந்தக் குட்டிச் சக்கரம். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் அதைத் தங்கள் பார்வைக்குத் தகுந்தாற்போலத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் உள்ளே எல்லாம் மங்கல் என்று அதை ஒரு பக்கமாகத் திருப்புவார். இரண்டு நாள் கழித்து அதுவும் மங்கல் என்று மறுபக்கம் திருப்புவார். இதற்கும் குரூப்பில் விடை தயாராக இருந்தது. பையில் உரசி உரசி அந்தச் சக்கரம் தானாக நகர்ந்துவிடுகிறதாம், மேலே டேப் ஒட்டிவிட வேண்டுமாம். ஒட்டினார். அப்புறம் நாளுக்கொரு தடவை டேப்பை உரித்து, திருப்பி, புது டேப் ஒட்டுவது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

அந்த நாட்களில் அவர் தண்ணீர் குடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பாட்டிலைக் கையில் கொடுத்தால் வாசற்படி தாண்டுவதற்குள் காலி. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. எங்கள் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சோதித்துப் பார்க்கும் கருவியை அவளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஒரு சொட்டு ரத்தம்தான்ப்பா. கைய நீட்டுங்க."

"உங்கம்மா தினமும் குடிக்கிறது போதாதா? நீ வேற எதுக்கு எடுக்கற?"

நாங்கள் இருவரும் சிரித்துத் தொலைத்தோம். அந்தச் சிரிப்புச் சந்தடியில் அவர் எழுந்து போய்விட்டார். கேட்டால், உடம்பு இளைத்தது வேலை அலைச்சல், தாகம் எடுப்பது விளக்கு வெளிச்சத்தின் சூடு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

பிறகு கடைச் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்கள் கோணலாக இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். நின்ற இடத்திலிருந்து கேமரா வழியாகப் பார்ப்பார், போய் ஒரு சட்டத்தைக் கழற்றிப் புது ஆணி அடித்து மாட்டுவார், திரும்பவும் பார்ப்பார், திரும்பவும் கழற்றுவார். "லென்ஸ் வளைக்குது. நேர்க்கோடு நடுவுல நெளியுது பாரு" என்றார். நான் பார்த்தவரைக்கும் கோடு கோடாகத்தான் இருந்தது. சுவர்தான் ஆணி ஓட்டைகளால் அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. ஒருநாள் சுத்தியல் நேராக விரலில் இறங்கியது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அந்த வீங்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி அடிப்பதில் குறி தவறுகிற ஆள் இல்லை அவர். என்னமோ சரியில்லை.

சொன்னேன். சும்மா விடவில்லை, தினமும் சொன்னேன்.

"என்னங்க, ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமே."

"எதுக்கு? ரோட்டுல நடக்கும்போது எல்லாம் நல்லாத்தானே தெரியுது. கேமராவுல பாத்தாதான் இப்படி. அப்ப கோளாறு எதுல? நீயே சொல்லு."

கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது. கேமராவை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார். அவர்கள் பிரித்து, துடைத்து, உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லையும் மாற்றி, குறை எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இவர் கொதித்துப்போனார். குரூப்பில் போட்டார். சர்வீஸ் சென்டர்காரர்கள் எந்தக் காலத்தில் குறை இருப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அங்கே எல்லாரும் அவரவர் கதையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. உலகத்தில் இவரைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தானே!

ஒரு காலையில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். வேலைக்கு நேர்காணலாம், அவசரம். முக்காலியில் உட்கார்ந்தாள். இவர் கண்ணை வைத்தார்.

"கன்னத்துல முடி விழுந்திருக்கும்மா. ஒதுக்கி விட்டுக்க."

அவள் ஒதுக்கிவிட்டாள்.

"இன்னும் இருக்கு. நீளமா தொங்குது பாரு, கண்ணு கிட்ட."

அவள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். பிறகு கூந்தலையே பின்னால் தள்ளி இறுக்கக் கட்டினாள்.

"அட, அப்படியேதாம்மா இருக்கு. ஆடுது. கண்ணாடிய பாரு."

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் பயம் தெரிந்தது. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். துடைத்துவிட்ட தட்டு மாதிரி முகம். ஒரு முடி இல்லை, ஒரு நூல் இல்லை.

"இங்க குடுங்க" என்று கேமராவை அவர் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் வைத்தேன். எல்லாம் கஞ்சித் தண்ணீராகக் கலங்கித் தெரிந்தது. டேப்பை உரித்தேன். சக்கரம் ஒரு கோடியில் முட்டிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் அந்தப் பக்கம் திரும்ப இடமே இல்லை. மெதுவாக இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். நடுவில் வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் தெளிவாக வந்து நின்றது. நான் மூலை மூலையாகத் தேடினேன். தூசி இல்லை. புள்ளி இல்லை. எதுவுமே இல்லை.

கேமராவை மேசையில் வைத்துவிட்டு அவரை வெள்ளைத் திரை பக்கம் திருப்பினேன்.

"படம் எடுக்கும்போது எப்படி ஒரு கண்ண மூடுவீங்களோ, அப்படி மூடிக்கிட்டு இதப் பாருங்க."

"கேமரா இல்லாம எதுக்கு?"

"பாருங்கன்னு சொல்றேன்ல."

இடது கண்ணை மூடினார். முகம் வழக்கம்போலச் சுருங்கியது. வெறும் துணியைப் பார்த்தபடி நின்றார். கண் ஒரு பக்கமாகப் போயிற்று, பிறகு கீழே இறங்கியது, எதையோ பின்தொடர்வதுபோல. அவருடைய கை தானாக எழுந்து காற்றில் ஒதுக்கியது.

"இங்கயும் வந்துடுச்சு" என்றார்.

அந்தப் பெண் எப்போது எழுந்து போனாள் என்று எனக்குத் தெரியாது.

கண் ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக விரலில் குத்தினார்கள். சர்க்கரை அளவைப் பார்த்த நர்ஸ் கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றை எடுத்துவந்தாள். அதிலும் அதுதான். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, ஒரு பெரிய இயந்திரத்தில் முகவாயை வைக்கச்சொல்லிக் கண்ணுக்குள்ளேயே படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதைத் திரையில் போட்டாள். சிவப்பு வட்டம், அதில் வேர் மாதிரி நரம்புகள், அவற்றின் மேலே கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். இவர் கிட்டப்போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இந்த மனிதரை என்ன சொல்வது, படம் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தார்.

"நல்ல ஷார்ப்பா வந்திருக்கு டாக்டர். அந்தக் கறுப்பெல்லாம் என்ன?"

"ரத்தம். சர்க்கரையால உள்ள ரத்தக்குழாய் வெடிச்சுக் கசிஞ்சிருக்கு. இது ரொம்ப நாளா நடக்குது. புள்ளி புள்ளியா தெரிஞ்சிருக்குமே, நூலு மாதிரி?"

"தூசின்னு சொன்னாங்க."

"யாரு?"

நான்தான் சொன்னேன், "குருவி சார்" என்று. டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தெருவில் நடக்கும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கும். வலது கண்ணில் இல்லாததை இடது கண் ஈடுகட்டிவிடும். கேமராவில் வலது கண் தனியாக மாட்டிக்கொள்ளும்போதுதான் அதன் லட்சணம் தெரிந்திருக்கிறது. சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கூடவே மாறும், அதனால்தான் அந்தச் சக்கரத்தோடு அவ்வளவு போராட்டம். கேமரா மட்டும் இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரத்தில் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது என்றாள். சீக்கிரமாம். வலது கண்ணில் விழித்திரையே இழுபட்டுக் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் போனது திரும்புமென்று நம்பிக்கை தர முடியாது என்றும் அவளேதான் சொன்னாள். இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஊசியும் லேசரும் போட்டு அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். எந்த அளவுக்கு நிற்கும் என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவர் போனை எடுத்து அந்தக் குரூப்பில் என் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினேன். அனுப்புவதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார். "அவங்க என்ன பண்ணுவாங்க, நான் கேமராவுல என்னன்னு கேட்டேன், அவங்க கேமராவுக்குச் சொன்னாங்க" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவரை அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

இடது கண்ணில் ஊசிகள் போட்டு முடித்து, வேலை செய்து பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் மறுபடியும் கடையைத் திறந்தோம். முதல் ஆளாக என்னையே முக்காலியில் உட்காரச் சொன்னார். மகளும் வேலைக்குப் போகாமல் விளக்குப் பக்கத்தில் நின்றாள். கேமராவை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார். அது வலது கண்காரர்களுக்காகச் செய்தது. மூக்கு திரையில் அழுந்தியது, கட்டை விரல் கன்னத்தில் இடித்தது. இரண்டு தடவை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டார். சக்கரத்தை நிதானமாகத் திருப்பினார். நானும் மகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூசி இல்ல. சுத்தமா இருக்கு" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்கும் உயிர் வந்தது. வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.

"என்ன இது, உர்ருன்னு உக்காந்திருக்க? கொஞ்சம் சிரியேன்."

மகள் சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பேசாதே என்று கண்ணால் அடக்கினேன்.

"சிரிக்கிறேன், எடுங்க" என்றேன்.