சின்னம்மாவின் ஆமைத் தொட்டி

சின்னம்மா அந்த ஆமையைக் கொழுக்க வைத்து நத்தார்ப் பண்டிகைக்கு வெட்டப்போகிறார் என்பதில், ஒன்பது வயதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. ஆதாரம் எல்லாம் கையில் இருந்தது.

அம்மாவின் தங்கையான அவர் தெற்கே ஒரு மிருகக்காட்சிச்சாலையில் சில வருடங்கள் வேலை பார்த்தவர். பிறகு மன்னாரில் வனவிலங்குக் கந்தோர் ஒன்றுக்கு உத்தியோகமாக வந்து, வங்காலையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வலையில் சிக்கி முன் துடுப்பில் ஆழமாக வெட்டுப்பட்ட கடலாமை ஒன்றை அப்பா கரைக்குக் கொண்டுவந்தபோது, அதை வைத்துப் பராமரிக்கக் கந்தோரில் இடமில்லை. எங்கள் வளவு கடலோரம் என்பதால், சின்னம்மா அனுமதி எடுத்து அங்கேயே தொட்டி கட்டினார்.

எங்கள் வீடு மிருகக்காட்சிச்சாலை ஆகப்போகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் கட்டி முடித்ததைப் பார்த்தால் காட்சி என்று ஒன்றும் இல்லை. மூலையே இல்லாத வட்டத் தொட்டி. பாதிக்கு மேல் நிழல். சுற்றிவர என்னைவிட உயரமான தகரம். சாதாளை என்ற கடற்புல்லும் கணவாய்த் துண்டும் தகரத்துக்கு மேலால் ஒரு குழாய் வழியாகத்தான் உள்ளே போகும். எட்டிப் பார்க்க எவருக்கும் அனுமதியில்லை.

"பாக்கேலாதெண்டால் இது என்ன மிருகக்காட்சிச்சாலை?" என்று கேட்டேன்.

"அது எங்களைப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும்," என்றார் சின்னம்மா.

நல்ல காரியத்தை எவரும் தகரம் அடித்துச் செய்வதில்லை என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமைகளில் அவரும் அப்பாவும் ஆமையின் கண்ணை ஈரத் துணியால் மூடித் தூக்கி, மீன் தராசில் நிறுப்பார்கள். நிறை கூடியிருந்தால் சின்னம்மாவின் முகம் மலரும். கொப்பியில் எழுதிக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பன்றியையும் நத்தாருக்கு முன்னர் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது முன்னால் போன இரண்டு பெண்கள் கதைத்தது கேட்டது.

"ஆமை நல்லாக் கொழுத்திட்டுதாம். ஆராருக்குப் பங்கோ தெரியாது."

இளவயதில் அப்பா ஆமை இறைச்சி சாப்பிட்டவர் என்பது ஊருக்கே தெரியும். சிரித்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து நான் காவல் இருந்தேன். சின்னம்மா கந்தோரிலும் அம்மா மத்தியான நித்திரையிலும் இருக்கும் நேரம் பார்த்து, தகரத்தின் கீழே மணலைத் தோண்டி உள்ளே நுழைவேன். முதலில் ஆமை என்னைக் கண்டதும் தொட்டியின் மறுபக்கத்துக்குப் போய்விடும். கணவாய்த் துண்டைத் தண்ணீருக்குள் பிடித்தபடி நான் அசையாமல் இருப்பேன். ஐந்தாம் நாள் வந்து வாங்கியது. பிறகு என் காலடிச் சத்தத்துக்கே தலையை உயர்த்தத் தொடங்கியது. உன்னை வெட்ட விடமாட்டேன் என்று அதன் ஓட்டைத் தடவிச் சொல்லிவைத்தேன்.

மார்கழி பிறந்ததும் சின்னம்மா அப்பாவிடம் சொன்னார்: "இன்னும் ஒரு கிழமை போதும் அத்தான். காயம் ஆறிட்டுது, நிறையும் வைச்சிட்டுது."

அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் ஆமையை ஈரச் சாக்கில் சுற்றி வள்ளத்தில் ஏற்றிய காலையில், நானும் ஏறி, இறங்கமாட்டேன் என்று நின்றேன். "இவளும் வரட்டும்," என்றார் அப்பா. வலை அறுக்கும் கத்தி வழக்கமான இடத்தில் கிடந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரத்தில் இருவரும் ஆமையைத் தூக்கி, மெதுவாகக் கடலில் இறக்கினார்கள். அது ஆழத்துக்குப் போய் மறைந்தது. அப்போதுதான், வெட்டுவதற்குக் கொண்டுவரவில்லை என்பது எனக்கு உறைத்தது. வெட்கப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஆமை வள்ளத்தின் அருகிலேயே மேலே வந்தது. தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த என் கையை நோக்கி நேரே வந்து வாயைத் திறந்தது.

நான் பூரித்துப்போனேன். சின்னம்மாவின் முகமோ வெளிறிவிட்டது. வள்ளம் தள்ளும் கோலை எடுத்துத் தண்ணீரில் ஓங்கி அடித்தார். ஆமை மூழ்கி மறுபக்கத்தில் எழுந்தது. அங்கேயும் அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன்.

"ஆரோ கையால சாப்பாடு குடுத்திருக்கினம்," என்றார். "வள்ளத்தைக் கண்டு கிட்ட வாற ஆமை இந்தக் கடலில எத்தனை நாளைக்கு உயிரோட இருக்கும்? நீங்களோ அத்தான் குடுத்தனீங்கள்?"

அப்பா ஆமையைப் பார்த்தார். ஈரம் சொட்டிய என் கையைப் பார்த்தார்.

"ஓம். நான்தான்," என்றார். "ஆசையில குடுத்திட்டன்."

ஆமையை மீண்டும் பிடித்து ஏற்றினோம். தொட்டியைச் சுற்றித் தகரத்தை அப்பாவே இன்னும் ஆழமாகப் புதைத்தார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே கூடாதென்றாயிற்று. உயிர்த்த ஞாயிறு கழிந்து, இரண்டாம் முறை விட்டபோது ஆமை திரும்பிப் பாராமல் போகும்வரை, சின்னம்மா அப்பாவுடன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் எதையும் மறுத்துச் சொல்லவில்லை.

எனக்கும் அப்பாமேல் கோபம்தான். எனக்குத் தெரியாமல் அவரும் தகரத்துக்குள் போய் வந்திருக்கிறாரே! எங்கள் இருவரில் அந்த ஆமைக்கு யாரை அதிகம் பிடித்திருந்தது என்ற கேள்வி என்னை நெடுநாள் வருத்திக்கொண்டிருந்தது.