குப்பைத்தொட்டியில் இருந்த படம்

பதினொரு வயதில் எங்கள் வீட்டுக் கணினிக்கு நான்தான் வைத்தியர். அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் யாரோ மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய மேசைக் கணினி அது. அதை எப்படி அணைப்பது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. சுவரில் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். எனக்கோ பள்ளிக்கூடத்தில் இரண்டு தவணை கணினிப் பாடம் நடந்திருந்தது. அந்த இரண்டு தவணையை வைத்துக்கொண்டு நான் அடித்த லெவலை, காட்டிய பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அம்மாவுக்குக் கணினி சொல்லிக்கொடுத்ததும் நானே. படம் திறப்பது, மூடுவது, வேண்டாததை அழிப்பது. அழித்ததெல்லாம் திரையின் மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டிக்குள் கிடக்கும், நாமாக அதை வெறுமையாக்கும்வரை எங்கும் போகாது என்று சொன்னபோது, அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

“அப்ப ஆரும் அதைத் திறந்து பாக்கமாட்டினமோ?”

“குப்பையை ஆரம்மா கிண்டிப் பாக்கிறது?” என்றேன் பெரிய மனுசி போல.

சில மாதங்களில் கணினிக்கு வருத்தம் வந்தது. அதுவும் என் கைங்கரியம்தான். சிநேகிதிகளின் பென்ட்ரைவ்களில் இருந்து விளையாட்டுகளை ஏற்றியதில் வைரஸ் புகுந்துவிட்டது. ஒரு படம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், கணினிக் கடையில் கொடுத்து ஃபோர்மட் அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அதற்கு முதல் வேண்டியவற்றை எடுத்து வைக்க வேண்டுமே. அண்ணாவின் பாடக் குறிப்புகள், கலியாண வீட்டுப் படங்கள், அப்பாவின் பக்திப் பாட்டுகள் எல்லாம் என் பென்ட்ரைவுக்குப் போயின. கடைசியாகக் குப்பைத்தொட்டியை வெறுமையாக்கப் போகிறேன் என்று கத்தியதும் அம்மா குசினிக்குள் இருந்து தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு ஓடி வந்தார்.

“ஐயோ பிள்ளை, அதில கை வையாதை!”

இப்படிச் சொன்னால் யார் பார்க்காமல் விடுவார்கள்? திறந்தேன். உள்ளே ஒரேயொரு படம். மீசை அரும்பிய ஒரு பெடியன், வெள்ளைச் சட்டையோடு சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான். படத்தின் ஒரு பக்கத்தை ஈரம் தின்றிருந்தது.

“ஆரம்மா இது?”

“ஆரோ. உனக்கென்ன.”

அம்மா எதையும் எறியமாட்டார். வெறும் ஐஸ்கிறீம் பெட்டி, கடைப் பை, கயிற்றுத்துண்டு எல்லாம் குசினியில் அடுக்கி இருக்கும். இதுவும் அந்த மாதிரித்தான் என்று நினைத்தேன். ஃபோர்மட் அடித்தால் குப்பையும் சேர்ந்து போய்விடும் என்றதும் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. பென்ட்ரைவில் போடட்டுமா என்றால், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு திரிகிற சாமானில் வேண்டாம் என்றார்.

“கடைக்காரத் தம்பியிட்ட நானே சொல்லுறன்.”

மறுநாள் கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மா என்னோடு ஓட்டோவில் ஏறினார். எங்கள் வீடு இருந்த ஓர்ஸ் ஹில்லில் இருந்து கடைத்தெருவுக்குப் போகிற வழியில் அப்போதும் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. ஆமிக்காரன் விரிப்பை விலக்கி, பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அதற்கே அம்மாவின் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது. இதென்ன மனுசி என்று எனக்கு எரிச்சல்.

கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், பகிடிக்காரர். கடையில் நல்ல சனம். என் வகுப்புக்காரி ஒருத்தி தகப்பனோடு நின்றாள். மூலைக் கதிரையில் தலைமயிரை ஒட்ட வெட்டிய ஒருவர் தன் மடிக்கணினிக்காகக் காத்திருந்தார். சீனன்குடாப் படை முகாமில் வேலை என்று கடைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் வகுப்புக்காரிக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

“எல்லாம் கொப்பி பண்ணியாச்சு. சீ டிரைவை அழிக்கலாம்.”

அந்த நேரம் பார்த்து அம்மா குறுக்கே வந்தார். “தம்பி, அந்தக் குப்பைத்தொட்டியில கிடக்கிறதை மட்டும் எறிஞ்சு போடாதேங்கோ.”

“என்னக்கா, வீட்டக் கழுவக்குள்ள குப்பையப் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்றீங்க?”

கடை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. வகுப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க இந்தக் கதைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் படத்தை வெளியே எடுத்துத் திறக்க, பெடியனின் முகம் திரை நிறைய வந்தது.

“ஆரக்கா இது? உங்கட ஆளா?”

அம்மா மூலைக் கதிரையை ஒருதரம் பார்த்தார். “இல்லைத் தம்பி. ஆரெண்டு தெரியாது. கிடக்கட்டும், அழிக்க வேண்டாம்.”

“தெரியாத ஆளின்ர படத்துக்கே இவ்வளவு பாடு?” என்று நான் பலமாகக் கேட்டேன்.

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது அம்மாவை மட்டும் பார்த்துச் சிரித்த சிரிப்பு, நான் தப்பிவிட்டேன். மூலைக் கதிரைக்காரரும் சிரித்தார். கடைக்காரர் அழிக்காமல் விடுகிற டீ டிரைவில் ஒரு போல்டர் திறந்து, என்ன பேர் போடுவது என்று கேட்டார்.

“குப்பை எண்டே போடுங்கோ” என்றார் அம்மா.

அது அம்மாவின் தம்பி. எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் தம்பலகாமத்துக்கு நெல் வெட்டப் போனவர் திரும்பி வரவில்லை. பிறகு அவரைப் பற்றி விசாரித்து வந்தவர்களிடம், அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்று மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக எல்லாரும் சொன்னார்கள். மிஞ்சிய ஒரே படத்தை அம்மா பொலித்தீன் பையில் சுற்றி வளவுக் குப்பைக் கிடங்குக்குள் வைத்தார். வீடு சோதிக்க வருகிறவர்கள் அலுமாரியைக் கொட்டுவார்கள், மெத்தையைக் கிழிப்பார்கள், குப்பைக்குள் கை வைக்கமாட்டார்கள். பல வருடம் கழித்து அந்தப் படம் கையிலேயே உதிரத் தொடங்கியதும், ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றுவித்து, நான் காட்டித்தந்த இடத்திலேயே அதை வைத்திருக்கிறார். இன்றைக்கும் என் மடிக்கணினியைப் புதிதாக்கும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் எடுத்து வைப்பது குப்பை என்ற அந்தப் போல்டரைத்தான். மாமாவின் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார்.

அன்று பெட்டியைக் கடையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நான் ஓட்டோவில் அழுதேன். நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

“இனி அப்பாவோடதான் கடைக்கு வருவன். உங்களோட வந்தா மானம் போகுது. உங்களுக்கு ஒண்டும் விளங்காது!”

தன் தம்பியை யாரென்று தெரியாது என்று ஒரு கடைச் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்த அம்மா, சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

“ஓம் பிள்ளை. எனக்கு இதொண்டும் விளங்காதுதான்.”

நான் அதை நம்பினேன்.